அசைவு யாருடையது?

சென்ற வருஷம் ஐப்பசியில் என் அக்காவை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். வலது தோளில் ஆரம்பித்து முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும் வலி. சர்க்கரையும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவளுக்கு நாற்பத்தைந்து வயது. பதினோரு வயதிலிருந்து பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் நல்ல மனிதர். காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும்மா. உடம்புக்கு அசைவு வேணும். மூளைக்கும் நல்லது." அக்கா தலையாட்டினாள். ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது தெருவைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்போ இத்தினி வருஷமா நான் பண்ணதெல்லாம் இன்னாடா தம்பி?"

நான் பதில் சொல்லவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால் அதே டாக்டர் அதே வாக்கியத்தை எனக்கும் சொல்லியிருந்தார். நான் பாங்க் குமாஸ்தா. காலையில் கவுண்டரில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். எனக்கு அந்த வாக்கியம் நியாயமான மருந்து. அன்று மாலையே செருப்பை மாட்டிக்கொண்டு ராஜ வீதிகளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். ஒரே வாக்கியம் என் காதில் மருந்தாகவும் அவள் காதில் ஏறக்குறைய அவமதிப்பாகவும் விழுந்தது ஏன் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. வைத்தியம் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இதை வைத்தியக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியும் என்று தோன்றவில்லை.

*

'மூளைக்கும்' என்ற அந்த உம்மைக்குப் பின்னால் பல்கலைக்கழகங்களில் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சி இருக்கிறது. அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1999இல் கலிஃபோர்னியாவின் ஸால்க் இன்ஸ்டிட்யூட்டில் வான் ப்ராக், கெம்பர்மான், கேஜ் மூவரும் சுண்டெலிகளைச் சில கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தின் கூண்டில் சுழலும் சக்கரம் ஒன்று. தோன்றும்போது ஏறி ஓடலாம். இன்னொரு கூட்டத்தைத் தண்ணீரில் விட்டு நீந்தவைத்தார்கள். ஓடிய எலிகளுக்கு மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புதிதாகப் பிறந்து தங்கிய செல்கள் சும்மா இருந்த எலிகளைப் போல் இரு மடங்கு இருந்தன. நீந்தவைக்கப்பட்டவற்றில் அந்த ஏற்றம் இல்லை. நீந்திய நேரம் மிகக் குறைவு என்பதால் இதிலிருந்து பெரிய முடிவு எதையும் எடுக்கக் கூடாது. என்றாலும் தானே ஏறிய சக்கரமும் தள்ளிவிடப்பட்ட தண்ணீரும் அடுத்தடுத்த கூண்டுகளில் இருந்தன என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது மனிதர்களிடம் செய்தது. 2011இல் கிர்க் எரிக்ஸனும் ஆர்தர் கிராமரும் சகாக்களும் அமெரிக்காவில் 120 முதியவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வாரத்தில் மூன்று நாள் நாற்பது நிமிஷம் நடந்தார்கள். மீதிப் பேர் கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் படமெடுத்துப் பார்த்தபோது நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுடையது 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர் பெற்ற இந்தப் பகுதிதான், நேற்று எங்கே போனோம், யாரைப் பார்த்தோம் என்பதை ஞாபகத்தில் சேர்ப்பது. வயதுவந்த மனித மூளையில் புதுச் செல்கள் பிறக்கின்றனவா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. 2018இல் சில வார இடைவெளியில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று இல்லை என்றது, மற்றது உண்டு என்றது. ஆனால் நடை மூளைக்கு ஏதோ நல்லது செய்கிறது என்பதில் பெரிதாகக் கருத்து வேற்றுமை இல்லை.

படித்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்கு வேர்ட்ஸ்வொர்த் ஞாபகம் வராமல் போகாது. அந்த மனிதர் ஆயுளில் நடந்த தூரம் 1,75,000 மைலுக்குக் குறையாது என்று தெ குவின்ஸி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கவிதை தலையில் பிறக்கிறதா, காலில் பிறக்கிறதா என்று நாம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்கு ஒரு லாபரட்டரி சாட்சி சொல்ல வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இந்தச் சந்தோஷத்தை அக்காவின் கேள்விதான் கெடுத்தது. வேர்ட்ஸ்வொர்த்தின் கால்கள் வேர்ட்ஸ்வொர்த்துக்காக நடந்தன. அவள் கால்களும் நடந்திருக்கின்றன. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிப்பவர்களின் கால்கள் காலையிலிருந்து இருட்டும் வரை நடக்கின்றன. ஆள் மட்டும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. அந்த நடைக்கு என்ன பலன்?

*

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆராய்ச்சி மரபு முழுவதும் உழைப்பைப் பார்த்ததில்தான் ஆரம்பித்தது. 1953இல் ஜெரி மாரிஸும் சகாக்களும் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி 'லான்ஸெட்'டில் எழுதினார்கள். இரண்டு மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவு. உடலசைவு இதயத்தைக் காக்கிறது என்ற நவீன நம்பிக்கைக்கு அஸ்திவாரமே, கூலிக்குப் படியேறிய அந்தக் கால்கள்தான். மூன்று வருஷம் கழித்து 1956இல் மாரிஸ் தன் அஸ்திவாரத்தையே சோதித்துப் பார்த்தார். கம்பெனி கொடுத்த யூனிஃபாரத்தின் அளவுகளை எடுத்துப் பார்த்ததில், டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு வேலைக்குச் சேரும்போதே பெரிதாக இருந்தது தெரியவந்தது. அதாவது வேலை உடம்பை உருவாக்கியது பாதி. எந்த உடம்பு எந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மீதி. தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகித்து, கால்சட்டை அளவுவரை போய்ப் பார்க்கும் இந்த நேர்மை நம் விமர்சனத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு கட்டுரை.

பிறகு அசைவு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கோபன்ஹேகனில் 4,721 ஆண்களைப் பற்றி 1970களில் எடுத்துவைத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு அவர்களில் யாருக்குப் பின்னால் டிமென்ஷியா வந்தது என்று பார்த்தார்கள். முடிவு 2020இல் வெளியாயிற்று. கடுமையான உடலுழைப்பு வேலை பார்த்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிட 55 சதவீதம் அதிக அபாயம். அடுத்த வருஷம், அதே நகரத்தில் 1,04,046 பேரைப் பற்றிய இன்னொரு ஆய்வு, ஓய்வு நேரத்து அசைவு கூடக்கூட மாரடைப்பும் மரணமும் குறைவதையும், வேலை நேரத்து அசைவு கூடக்கூட அவை ஏறுவதையும் காட்டிற்று. இதற்கு உடலசைவின் முரண்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆய்வாளர்களில் முக்கியமானவரான ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் சொல்லும் காரணங்கள் புரியாத காரணங்கள் இல்லை. உடற்பயிற்சி கொஞ்ச நேரம் நடக்கிறது, மூச்சு வாங்குகிறது, நின்றுவிடுகிறது, பிறகு ஓய்வு. வேலை மணிக்கணக்கில் நீளுகிறது, ஒரே தசை ஒரே நிலையில் கிடக்கிறது, ரத்த அழுத்தம் நாளெல்லாம் ஏறியே இருக்கிறது, நிறுத்தும் நேரத்தை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். இதை மறுப்பவர்களும் உண்டு. கூலிக்காரன் வாழ்க்கையில் குறைகிற மற்றவை, அதாவது வருமானம், தூக்கம், சாப்பாடு, வைத்தியம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துவிட முடியாது. மிஞ்சிய ஏழ்மைதான் உழைப்பின் வேஷத்தில் தெரிகிறது என்கிறார்கள் அவர்கள். இரண்டில் எது சரியானாலும் அக்காவுக்கு வித்தியாசம் இல்லை. அவளுக்கு இரண்டும் உண்டு.

நம் ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிஸர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைத்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் பதினாலாயிரத்துச் சொச்சம் பேரிடம் உடலசைவு பற்றிக் கேட்டார்கள். 2014இல் வந்த அறிக்கைப்படி, பொழுதுபோக்காகவோ பயிற்சியாகவோ எந்த உடலசைவும் அறவே இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் 93.1 சதவீதம். அறிக்கைகள் இதைச் சோம்பேறித்தனத்தின் கணக்காகவே வாசிக்கும். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. நம்மில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்குத் தனக்கென்று ஓர் அசைவு கிடையாது. உடம்பு அசைந்தால் அது தண்ணீர் பிடிக்க, பஸ் பிடிக்க, கூலி வாங்க. பலன் தன்னையே வந்தடையும் அசைவு என்பது நமக்குப் புதிய, கொஞ்சம் வெட்கப்படவேண்டிய விஷயம். நான் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிய முதல் வாரம் எதிர்வீட்டுப் பாட்டி, "எங்கப்பா கிளம்பிட்டே?" என்று கேட்டபோது, "சும்மாதான்" என்று சொல்ல நாக்கு கூசிற்று. கடைக்குப் போவதாகச் சொன்னேன்.

*

என் நடை பிள்ளையார்பாளையம் வழியாகக் கைலாசநாதர் கோவில் வரை போய்த் திரும்புகிறது. எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த கோவில். பிரகாரத்தைச் சுற்றி ஐம்பத்தெட்டுச் சின்னச் சன்னதிகள், மணற்கல்லில். இந்தக் கோவிலைப் பற்றிய கதை நமக்குத் தெரிந்ததுதான். சேக்கிழார் சொல்லும் பூசலார், கையில் காசில்லாத காரணத்தால் திருநின்றவூரில் உட்கார்ந்தபடி மனத்துக்குள்ளேயே ஒரு கோவிலைக் கட்டுகிறார். அவர் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் காஞ்சியில் அரசன் தன் கற்கோவிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாகிவிடுகின்றன. சிவன் அரசனின் கனவில் வந்து, நாளை நான் பூசலார் கோவிலுக்குப் போக வேண்டும், நீ உன் நாளை மாற்றிக்கொள் என்கிறார். அந்தக் கற்கோவில் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

சின்ன வயதில் இதை அரசனை ஏழை ஜெயித்த கதையாகக் கேட்டுப் பரவசப்பட்டிருக்கிறேன். இப்போது கேட்டால் கதையில் மூன்றாவது கட்சி ஒன்று காணாமல் போயிருப்பது உறைக்கிறது. பூசலாருக்குப் பெயர் இருக்கிறது, அரசனுக்கும் இருக்கிறது. கல்லைச் சுமந்து செதுக்கி ஏற்றியவர்களுக்காகச் சிவன் நாளை மாற்றவில்லை. மனம் பெரிதா, பொருள் பெரிதா என்ற வழக்கில் உடம்பு கட்சிக்காரனாகக்கூடச் சேர்க்கப்படவில்லை.

பூசலாரை லாபரட்டரியும் அங்கீகரித்திருக்கிறது என்று சொன்னால் நம்புவது கஷ்டம். 1995இல் ஆல்வாரோ பாஸ்குவல்-லியோனும் சகாக்களும் பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் வாசித்தது. இன்னொரு கூட்டம் விரலை அசைக்காமல், வாசிப்பதாக நினைத்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. மூளையில் விரல்களுக்கான பகுதி இரண்டு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரிந்திருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் மறைக்கவில்லை. ஐந்தாம் நாள் நினைத்தவர்கள் வாசித்தபோது, மற்றவர்கள் மூன்றாம் நாள் அடைந்திருந்த நயம்தான் வந்தது. பிறகு ஒரு தடவை, இரண்டு மணி நேரம், கையால் வாசித்த பிறகே இரண்டும் சமமாயிற்று. மனத்தில் கட்டிய கோவிலும் கோவில்தான். எனினும் கடைசியில் ஒருவர் கல்லைத் தொட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு இந்த ஆராய்ச்சி மரபோடு உள்ள அடிப்படைச் சிக்கல். மேலோட்டமாகப் பார்த்தால் இது உடம்புக்கு நியாயம் செய்வது போல் இருக்கிறது. உடம்பைப் பல்லக்குத் தூக்கியாகவும் ஆத்மாவைப் பல்லக்கில் போகிறவராகவும் பார்த்து வந்த நமக்கு, தூக்குகிறவன் கால் தளர்ந்தால் உள்ளே இருப்பவருக்கும் ஞாபகம் தப்பும் என்று அது சொல்கிறது. நல்லதுதான். ஆனால் பல்லக்கும் இறங்கவில்லை, தோளும் மாறவில்லை. நட, ஏனென்றால் மூளைக்கு நல்லது. அசை, ஏனென்றால் ஹிப்போகாம்பஸ் இரண்டு சதவீதம் பெருக்கும். ஆத்மா இருந்த இடத்தில் மூளை உட்கார்ந்திருக்கிறது. உடம்பு பழைய இடத்திலேயே நின்று தன் சேவைக்கு நற்சான்று வாங்கிக்கொள்கிறது. உடம்பின் அசைவு எதற்காவது நல்லது என்றாலொழிய அதற்கு மதிப்பில்லை என்ற எண்ணம், வைதிகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கைமாறியபோது ஒரு கீறல்கூடப் படாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

இதை நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். கொஞ்ச காலமாக நம் கவிதைகளில் உடல் என்ற சொல் நிறையப் புழங்குகிறது. காமத்தில் இருக்கும் உடல், நோயில் இருக்கும் உடல், கண்ணாடி முன் நிற்கும் உடல் எல்லாம் வந்துவிட்டன. எட்டு மணி நேரம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் உடல் அபூர்வமாகவே வருகிறது. வந்தாலும் பரிதாபத்தின் சின்னமாக வருகிறதே தவிர, அந்த உடம்பு என்ன அறிந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

*

அது என்ன அறிந்திருக்கிறது என்பதில் கொஞ்சம் எனக்கும் பங்குண்டு. கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. புடவையின் நடுப்பகுதிக்கு நெசவில் உடல் என்றுதான் பெயர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு ஊடையிலும் இரண்டையும் பிணைத்துக்கொண்டே போக வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. வலது கரைப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து தன் நாடாவைத் தள்ளித் திருப்ப வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம்கூடக் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு அளித்திருந்தது. 1998இல் எனக்கு ஒன்பது வயது. ஒரு வருஷத்துக்கு மேல் நான் அக்காவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் அக்கா அப்பாவிடம், இவன் இனிமேல் தறிக்கு வேண்டாம், பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பா கூலிக் கணக்கைச் சொன்னார். அவள், நான் சேர்த்து நெய்கிறேன் என்றாள். என் இடத்தில் அம்மா வந்து உட்கார்ந்தாள். அம்மா சுற்றிக்கொண்டிருந்த தாரை அக்கா ராத்திரியில் சுற்றினாள். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தேன், பிறகு காலேஜில், பிறகு பாங்க்கில். என் உட்காருதல் முழுவதும் அவள் அசைவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை வைத்த எனக்கு நடப்பது நல்லது என்று சொல்லும் விஞ்ஞானம், இந்த இடத்துக்கு வரும்போது பேச்சில்லாமல் நின்றுவிடுகிறது.

அவளிடம் எத்தனை ஊடைக்கு ஒரு பூ என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "கையைப் பார்த்துச் சொல்றேன், இரு" என்று தறியில் உட்கார்ந்து, இரண்டு தரம் நாடாவை ஓட்டி, பிறகு சொல்வாள். இந்த அறிவு எங்கே இருக்கிறது? இதற்கும் ஒரு பழைய ஆய்வு உண்டு. வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலைஸன் என்ற இளைஞரின் மூளையில் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பின் நடந்த எதையும் அவரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரக் கோட்டைக் கண்ணாடியில் பார்த்தபடி வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை தேர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் இதை நான் முன்பு செய்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே திறமையாக வரைந்தார். 1962இல் மில்னர் இதை எழுதினார். கையின் ஞாபகம் வேறு, வாயால் சொல்லத்தக்க ஞாபகம் வேறு என்பது அன்றே தெரிந்த சங்கதி.

அப்படியானால் மூளைக்கு நல்லது என்று சொல்லும்போது எந்த ஞாபகத்தைச் சொல்கிறோம்? பெரும்பாலான ஆய்வுகள் அளப்பது ஹிப்போகாம்பஸ் சம்பந்தப்பட்ட ஞாபகத்தை: கேட்ட வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வது, பார்த்த இடங்களைக் குறிப்பது. அதாவது பரீட்சை எழுதுகிறவனின் ஞாபகம். கோர்வையில் கரையும் உடலும் ஒரு இழை பிசகாமல் முப்பத்து நாலு வருஷமாகப் பிணைந்து வருவதை அளக்கும் தாள் அவர்களிடம் அதிகம் இல்லை. உழைக்கிறவனின் மூளை தேய்கிறது என்று கோபன்ஹேகன் சொல்வது உண்மையாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. தேய்வதற்கு முன் அதில் என்ன இருந்தது என்று கேட்டார்களா என்பதுதான் என் சந்தேகம்.

பெரிய புராணத்திலேயே ஒரு நெசவாளர் இருக்கிறார், நேச நாயனார். மனத்தைச் சிவனடிக்கும் வாக்கை ஐந்தெழுத்துக்கும் கைத்தொழிலை அடியார்களுக்கும் ஆக்கியவர். நெய்த ஆடையையும் கோவணத்தையும் அடியார்களுக்குக் கொடுத்துவிடுவார். பக்தியை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைப் பார்க்கிறேன். கொடுப்பதற்கு அவர் நெய்தது அவருடையதாக இருந்திருக்க வேண்டும். அக்காவின் தறியில் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது, புடவை அவர் கடைக்குப் போகிறது, டிஸைனும் அவருடையது. அவளுக்கென்று மிஞ்சுவது கூலியும் தோள்வலியும்தான். கூலியைச் செலவழித்துவிடலாம்.

*

இதையெல்லாம் அவளிடம் நான் விளக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன், அதுவும் ஒரு கோழைத்தனத்தில். 2007இல் அமெரிக்காவில் ஆலியா கிரம், எல்லன் லாங்கர் இருவரும் ஏழு ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம், நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சிதான் என்று விவரமாகச் சொன்னார்கள், மற்றவர்களிடம் சொல்லவில்லை. நான்கு வாரத்தில், சொல்லப்பட்டவர்களின் எடையும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்ததாம். வேலையில் ஒரு மாற்றமும் செய்யவில்லை, எண்ணத்தை மட்டும் மாற்றினார்கள் என்பது அவர்கள் வாதம். இதன் மேல் ஆட்சேபங்கள் இருக்கின்றன. எனினும் எனக்கு அப்போது அது ஒரு வழியாகத் தெரிந்தது. செலவில்லாத வழி.

ஒரு சாயங்காலம் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய், "நீ பண்றதே பெரிய எக்ஸர்ஸைஸ்தான்க்கா. அப்படி நினைச்சுக்கிட்டுப் பண்ணா உடம்புக்கு நல்லதாம், ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "முதலாளி காதுல போட்டுடாதே. இது எக்ஸர்ஸைஸ்னு தெரிஞ்சா கூலியிலே பிடிச்சுக்குவான்" என்றாள்.

சிரித்தோம். ஆனால் இதைவிடச் சரியான விமர்சனத்தை அந்த ஆய்வின் மேல் நான் படிக்கவில்லை. உழைப்புக்குப் பயிற்சி என்று பெயர் மாற்றி வைத்தால் யாருக்கு லாபம் என்பதை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்ன வாக்கியம் அவளுக்கு ஏன் வலித்தது என்றும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளிடம் குறைந்திருப்பது அசைவு என்று அது சொன்னது. அவளிடம் குறைந்திருந்தது, எப்போது அசைவது, எப்போது நிறுத்துவது என்ற தீர்மானம். முக்கால் மணி நேரம் நடக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அவளுடையதாக வேண்டும். அந்த மருந்தை எந்தக் கடையில் வாங்குவது என்று சீட்டில் எழுதவில்லை. கூலி உயர்ந்தால் கிடைக்கும். கடன் தீர்ந்தால் கிடைக்கும். கரைப் பக்கம் உட்கார இன்னொரு ஆள் கிடைத்தால் கிடைக்கும். ஆனால் தெருவில் பையன்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். இவை நியூராலஜியின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். எல்லையைப் போட்டது யார் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

நான் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். தார் சுற்றும் வேலை ராத்திரியில் இப்போது என்னுடையது. ஒன்பது வயதுக் கை இன்னும் மறக்கவில்லை. முதல் வாரத்துக்குள் இழை அறுவது நின்றுவிட்டது. இதை நான் பிராயச்சித்தமாகச் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷத்துக்குத் தினம் ஒரு மணி நேரத்தால் ஈடு கட்டுவதை எந்தக் கணக்குப் புத்தகமும் ஏற்காது. கணக்குப் பார்ப்பது என் தொழில், எனக்குத் தெரியும்.

அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறியில் உட்கார மாட்டார்கள். போன தை அமாவாசைக்கு அக்காவைக் கைலாசநாதர் கோவிலுக்குக் கூப்பிட்டேன். தெருக்கோடியில் இருக்கும் கோவில். அவள் போய்ப் பதினைந்து வருஷமாகிறதாம். கர்ப்பக்கிரகத்தைச் சுற்றி அங்கே ஒரு குறுகிய வழி உண்டு. நுழையவும் வெளிவரவும் தவழ வேண்டும். மறுபிறவி இல்லாமல் போகும் என்பார்கள். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு தோள்வலியோடு உள்ளே நுழைந்து ஒரு சுற்றில் வெளியே வந்துவிட்டாள். பின்னால் போன நான் வாசலில் தொப்பை இடித்து மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பக்கவாட்டில் திரும்பி, ஒரு வழியாக வந்து சேர்ந்தேன். அவள் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு சுத்து வரட்டுமாடா?" என்று கேட்டாள். அதனால் மூளைக்கு என்ன நல்லது என்று எனக்குத் தெரியாது. வந்தாள்.